சைப்ரஸ், உரையாடல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சைப்ரஸ் தீவில் கிரேக்கர்களுக்கும் துருக்கியர்களுக்கும் இடையே அறிஞர்கள் முன்னெடுத்த உரையாடல்களைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். 1966 முதல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 2004-இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது பிரிந்த தீவை மீண்டும் இணைக்கும் திட்டம் தோற்றது. வடக்கில் துருக்கியர், தெற்கில் கிரேக்கர் என்று தீவைப் பிரிக்கும் முள்வேலி இன்றும் நிற்கிறது. படித்தவர்கள் ஓர் அறையில் அமர்ந்து ஒருவரையொருவர் புரிந்துகொண்டதால், வீட்டையும் மண்ணையும் இழந்தவனுக்கு என்ன கிடைத்தது? தோற்றவனை அவன் இழப்புக்குப் பழக்கும் வேலையைத்தானே உரையாடல் என்கிறோம்?

ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

2004 வாக்கெடுப்பை நீங்கள் சுட்டியது சரி. ஐ.நா. முன்வைத்த திட்டத்தைத் துருக்கிய சைப்ரியர்களில் 65 சதவீதத்தினர் ஏற்றார்கள். கிரேக்க சைப்ரியர்களில் 76 சதவீதத்தினர் மறுத்தார்கள். மறுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1974-இல் துருக்கியப் படை இறங்கியபோது வடக்கிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்கர்கள் வெளியேற நேர்ந்தது. அவர்களில் பலருக்கு அந்தத் திட்டத்தில் சொந்த வீடு திரும்பக் கிடைப்பதாக இல்லை. ஆனால் அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 1963 டிசம்பரில் தொடங்கிய கலவரத்தில் ஊர்களை விட்டு ஓடிய துருக்கியர்கள், தீவெங்கும் சிறு சிறு வட்டாரங்களுக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். கதையை 1974-இல் தொடங்கினால் ஒருவர் தோற்றவர், 1963-இல் தொடங்கினால் இன்னொருவர். நீங்கள் சொல்லும் தோற்றவன் அங்கே இரு புறமும் இருக்கிறான்.

1966-இல் ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் பர்ட்டன் இரு தரப்பினரையும் லண்டனில் கூட்டிய அமர்வை இதனால்தான் முக்கியமாகக் கருதினேன். வந்தவர்கள் தங்கள் தலைமையைக் கட்டுப்படுத்தும் வாக்குறுதி எதையும் தர வேண்டியிருக்கவில்லை; உடனிருந்த சமூக அறிவியலாளர்கள் பேச்சைப் பேரத்திலிருந்து விலக்கி, எதிர்த்தரப்பு எதற்கு அஞ்சுகிறது என்ற ஆராய்ச்சியின் பக்கம் திருப்பினார்கள். அதில் பங்கேற்ற அமெரிக்கச் சமூக உளவியலாளர் ஹெர்பர்ட் கெல்மன், பின்னர் இஸ்ரேலியர்களையும் பாலஸ்தீனர்களையும் பல பத்தாண்டுகள் இதே வழியில் சந்திக்க வைத்தார். இம்முறையின் குறையும் எனக்குத் தெரிகிறது. அறைக்குள் ஒருவருக்கு ஏற்பட்ட தெளிவு அவர் ஊர் திரும்பியதும் தனித்துப்போகிறது. 1997 இறுதியில் வடக்கு நிர்வாகம் தடுத்ததும் இரு சமூகச் சந்திப்புகள் நின்றுபோயின என்பதையும் மறக்க முடியாது.

என் கட்டுரையில் நான் போதிய இடம் கொடுக்காமல் விட்ட இரண்டு செய்திகளை இப்போது சொல்ல விரும்புகிறேன்.

தலைநகர் நிகோசியாவை நடுவில் பிரிவினைக் கோடு பிளந்தபோது, பாதாளச் சாக்கடைப் பணி பாதியில் நின்றது. 1978-இல் தெற்கின் மேயர் லெல்லோஸ் டெமெட்ரியாடிஸும் வடக்கின் முஸ்தபா அக்கிஞ்சியும், ஒருவர் சார்ந்த நிர்வாகத்தை மற்றவர் தரப்பு ஏற்காத நிலையிலும், அந்தச் சாக்கடையைச் சேர்ந்து முடிக்க ஒப்புக்கொண்டார்கள். தெற்கின் கழிவுநீர் கோட்டைக் கடந்து, வடக்கில் இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. யார் செய்தது குற்றம், யாருடைய மண் என்ற எந்தக் கேள்விக்கும் அவர்கள் விடை காணவில்லை. விடை கிடைக்கும்வரை காத்திருந்தால் இரண்டு பக்கமும் நோய் பரவியிருக்கும்.

இரண்டாவது, காணாமல் போனவர்கள். 1963-64 கலவரங்களிலும் 1974 போரிலும் காணாமல் போனவர்கள் என்று இரு தரப்பும் ஏற்ற பட்டியலில் 2,002 பேர் இருக்கிறார்கள்: 1,510 கிரேக்க சைப்ரியர்கள், 492 துருக்கிய சைப்ரியர்கள். இவர்களைத் தேடும் குழு 1981-இல் அமைந்தது. ஒரு கிரேக்கர், ஒரு துருக்கியர், ஐ.நா. சார்பில் ஒருவர் என மூவர். மூவரும் ஒப்பினால்தான் முடிவு. முறையாகத் தோண்டத் தொடங்கியது 2006-இல்தான். இடையில் போன 25 ஆண்டுகளில், பிள்ளை வருவான் என்று வாசலைப் பார்த்திருந்த எத்தனையோ தாய்மார்கள் இறந்துபோனார்கள். இதை நினைக்கும்போது உங்கள் கோபம் எனக்கும் வருகிறது.

ஆனால் அதன்பின் நடந்ததைப் பாருங்கள். நிகோசியாவின் கைவிடப்பட்ட பழைய விமான நிலையப் பகுதியில், ஐ.நா. காவலில் ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே இரு சமூகத்தையும் சேர்ந்த இளம் அறிவியலாளர்கள் ஒரே மேசையின் இரு புறமும் நின்று, மண்ணிலிருந்து வந்த எலும்புகளைத் துடைத்து, மண்டையோட்டிலிருந்து கால்விரல்வரை உடலின் வரிசையில் அடுக்குகிறார்கள். மரபணு பொருந்தியதும் குடும்பத்தை அழைத்து, எங்கே கிடைத்தது, எப்படி அடையாளம் கண்டோம் என்று விளக்கி ஒப்படைக்கிறார்கள். இதுவரை 1,000-க்கும் மேற்பட்டவர்கள் இப்படித் தங்கள் குடும்பத்திடம் திரும்பியிருக்கிறார்கள்.

இதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்தக் குழு மரணத்தின் காரணத்தைத் தீர்மானிக்காது. கொன்றவர் யார் என்றும் சொல்லாது. புதைத்த இடத்தைக் காட்டுபவர், தான் சொன்னதற்காகத் தண்டிக்கப்படமாட்டோம் என்ற உறுதியின் பேரில்தான் வாய் திறக்கிறார். நீதி கேட்கும் குடும்பத்துக்கு இது போதாது, போதும் என்று அவர்களிடம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. இருந்தும், எலும்பாவது வரட்டும் என்று கேட்ட தாயின் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. வழக்குத் தொடர வேண்டியவர்களுக்கு அந்தக் கதவு திறந்தே இருக்க வேண்டும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இது. இழந்த வீட்டை உரையாடல் மீட்டுத் தரவில்லை. 2015-இல் துருக்கிய சைப்ரியர்களின் தலைவரான அதே அக்கிஞ்சி அமர்ந்து பேசியும், 2017-இல் சுவிட்சர்லாந்தில் நடந்த பேச்சு முறிந்தது. ஆனால் ஒரு தரப்பால் தனித்துச் செய்யவே முடியாத வேலைகள் உண்டு. என் தம்பியைப் புதைத்த இடம் எதிர்த்தரப்பு ஊரின் ஒரு கிழவருக்குத்தான் தெரியும் என்றால், அவரிடம் நான் பேசித்தான் ஆக வேண்டும். அந்தப் பேச்சில் என்னைப் பழக்குவதற்கு யாரும் இல்லை, கேட்பவன் நான்.

பட்டியலில் இன்னும் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கிடைக்கவில்லை. 1974-இல் இருபது வயதாக இருந்த சாட்சிக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. சில இடங்களில் எலும்புகளைத் தோண்டி வேறிடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். சில இடங்களின் மேல் கட்டடம் எழுந்துவிட்டது.

அன்புடன்,
ஆசிரியர்