15 வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டுப் போலீஸில் சேரலாமா? சிறிய ஊரில் வாழ்க்கை எப்படி இருக்கும்?

கேட்டவர் ராணுவத்தில் நாயக்காக (ஹவில்தாருக்கு ஒரு படி கீழே) இருக்கிறாராம். பென்ஷனுக்கான 15 வருடம் முடியப் போகிறது. கர்நாடகப் போலீஸில் முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் முயற்சி செய்யலாமா என்கிறார்.

சேரலாம் தம்பி. நான் சேர்ந்தவன். 1982-இல் பெங்களூரு அல்சூர் ஏரிக்கரை எம்.இ.ஜி.யில் (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், ராணுவத்தின் பொறியாளர் படை) சேர்ந்து, 1999-இல் ஹவில்தாராக டிஸ்சார்ஜ் ஆனேன். மறு வருடம் கான்ஸ்டபிள் வேலை கிடைத்தது, கோலார் தங்கவயல் பக்கம் போட்டார்கள். 2024-இல் 60 வயதில் ஓய்வு பெற்று, இப்போது மர்பி டவுனில் பேரன் பேத்தியோடு இருக்கிறேன்.

முதலில் உறுத்துவது தோள்தான். மூன்று பட்டை போட்டு ஒரு செக்‌ஷனை நடத்தியவன், பட்டையே இல்லாமல், என்னைவிடப் பதினோரு வயது சின்னவரான எஸ்.ஐ.க்கு சல்யூட் அடிக்க வேண்டும். ஆறு மாதம் கஷ்டமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

குரலை மாற்றத்தான் அதிக நாளானது. 2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். கேட் முன்னால் எனக்கு பந்தோபஸ்து. நின்றவர்களில் பாதிப் பேர் என் அப்பா வயது, தமிழ் பேசுகிறவர்கள், தாத்தா காலத்திலிருந்து அந்தக் குழிக்குள் இறங்கிய குடும்பங்கள். ஒருவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நகரவில்லை. பரேடு கிரவுண்டில் கத்துவதுபோல் கத்திவிட்டேன். அவர் பயப்படவில்லை, அழுதுவிட்டார். எஸ்.ஐ. என்னைத் தனியே அழைத்து, "அண்ணா, இது பேரக் இல்லை. உட்கார வைத்துப் பேசுங்க" என்றார். இன்றைக்கும் அந்த மனிதருக்கு நன்றியோடு இருக்கிறேன்.

ஆனால் இந்த வேலை என்ன என்று எனக்குப் புரியவைத்தது ஒரு பித்தளைக் குடம்.

ஸ்டேஷனில் புகார் எழுதும் ரைட்டர் லீவில் இருந்த ஒரு நாள். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டிலிருந்து ஒரு பாட்டி வந்தார், எழுபது வயது இருக்கும். சுரங்கம் மூடியபின் இளைஞர்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூரு வேலைக்குப் போய்விடுவார்கள். பகலில் வீட்டில் வயசானவர்கள்தான், அதனால் சில்லறைத் திருட்டு அதிகம். இவர் வீட்டில் குடம் போய்விட்டது. ஒரு மணி நேரம் சொன்னார்: கல்யாணத்துக்கு அம்மா கொடுத்தது, கழுத்தில் ஒரு நசுங்கல், மருமகள் கிணற்றடியில் போட்டதால் வந்தது, அடியில் பற்று வைத்த தடம். பெங்களூரில் பிறந்த எனக்குக் கன்னடம் சரளமாகப் பேச வரும், எழுதத்தான் தடுமாறுவேன். அதனால் மூன்றே வரி எழுதினேன். குடம் ஒன்று, பித்தளை, காணவில்லை.

எஃப்.ஐ.ஆர். எழுதினால் சொன்னவருக்குப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, ஒரு நகல் இலவசமாகத் தர வேண்டும். அன்றைய சட்டத்தில் 154-ஆம் பிரிவு, 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் 173. நான் தமிழில் சொல்லிக் காட்டினேன். கைநாட்டு வைக்க விரலை மையில் தொட்டவர் அப்படியே நிறுத்திவிட்டார். "இது நான் சொன்னதே இல்லையே, தம்பி. என் குடம் இதில் எங்கே இருக்கு?"

எம்.இ.ஜி.யில் நம் எல்லோருக்கும் தம்பி என்றுதான் பேர், பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அந்தப் பேரை வைத்தே ஒரு பாட்டி கேட்டதும் முகத்தைத் தூக்க முடியவில்லை. கண்ணிவெடி தேடும்போது ப்ராடரை, அதாவது மண்ணைக் குத்திப் பார்க்கும் கம்பியை, 30 டிகிரி சாய்த்து, விரல்கடை விரல்கடையாகக் குத்திப் பார்ப்போமே, ஒரு இடத்தையும் விடமாட்டோமே. அந்தப் பொறுமை காதுக்கு வரவில்லை எனக்கு. தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து கேட்டேன், நசுங்கல், பற்று, எல்லாவற்றையும் எழுதினேன். எழுத்துப் பிழையோடு இரண்டு பக்கம் வந்தது.

மூன்றாவது வாரம் பழைய சாமான் கடை ஒன்றில் ஒரு மூட்டைக் குடங்கள் பிடிபட்டன. எல்லாம் ஒரே மாதிரி. கழுத்து நசுங்கியது ஒன்றுதான். புரட்டிப் பார்த்தால் அடியில் பற்று. கோர்ட்டு உத்தரவு வாங்கித் திருப்பிக் கொடுத்தபோது பாட்டி அந்த நசுங்கலை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ராணுவத்தில் வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் கேஷுவல். அதைப் போலீஸில் மறந்துவிடுங்கள், திருவிழா, தேர்தல், அமைச்சர் வருகை எல்லாம் உங்கள் வார விடுமுறையில்தான் வரும். கர்நாடகத்தில் 2006 ஏப்ரல் 1-க்குப் பிறகு அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்கு என்.பி.எஸ். என்கிற புதிய பென்ஷன் திட்டம்தான், எனக்கு வந்த பழைய பென்ஷனைக் கணக்கில் வைக்காதீர்கள். உங்கள் ராணுவப் பென்ஷன் வேறு, அது வந்துகொண்டிருக்கும். பக்கத்து ஊர்தானே என்று குடும்பத்தைப் பெங்களூரில் விட்டுப் போகாதீர்கள். நான் விட்டுப்போனேன், மகள் வளர்ந்ததில் பாதியை ரயில் ஜன்னலில் யோசித்துத்தான் பார்த்தேன்.

ஓட்டமும் உடம்பும் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. கையில் இருக்கும் லீவில் கன்னடம் எழுதப் பழகுங்கள். குடம் வந்த அந்த வருடம் நான் என் மகளின் மூன்றாம் வகுப்புக் கன்னடப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய், நைட் டூட்டியில் ஒரு பாடம் விடாமல் பார்த்து எழுதினேன்.