"இது ரேஸ் வண்டி சார்"னு எழுதிக் குடுத்துட்டீங்களா?

கேள்வி: என் பி.எஸ்.6 பைக்ல இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல ஓட்டுறதுக்காக கேட்டலிடிக் கன்வெர்ட்டரை (புகையைச் சுத்தம் பண்ற பாகம்) கழட்டிட்டு ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட் (புகை தடையில்லாம வெளியேறுற சைலன்சர்) போட்டேன், ஈசியூ ரீமேப்பும் (இன்ஜினை இயக்குற கம்ப்யூட்டர் செட்டிங்கை மாத்துறது) பண்ணேன். திரும்பி வரும்போது போலீஸ் புடிச்சு, நடு ரோட்டுல நிக்க வச்சு அசிங்கப்படுத்துனாங்க. ஸ்டேஷன்ல இது ரேஸ் வண்டின்னு எழுதியும் குடுத்தேன். கரும்புகை கக்குற லாரியெல்லாம் ஜோரா போகுது. கேஸ் போடலாமா? பி.கு: வர்ற வழியில ஒரு பெரியவர் சைக்கிள்ல லேசா உரசி, அவருக்கு கை எலும்பு விட்டுடுச்சு, 8,000 குடுத்துட்டேன்.

பதில்: தம்பி, லாரிப் புகையை விடுங்க. உங்க கேஸே அந்த பி.கு.லதான் இருக்கு.

வண்டியை மாத்துனதுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4), ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லன்னா 6 மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்ந்துகூட வரலாம்னு எழுதிருக்கு. புகை, சத்தத்துக்கு அதே சட்டத்துல 190(2), அபராதம் 10,000 வரைக்கும், லைசென்ஸும் 3 மாசம் போகலாம். வண்டி கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனை மீறி மாத்தக்கூடாதுன்னு 2019லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. எக்ஸாஸ்ட் மேல 'ரேஸுக்கு மட்டும்'னு அச்சடிச்சதை போட்டோ எடுத்து அனுப்பிருக்கீங்க பாருங்க, அது உங்களுக்கு எதிரான சாட்சி. நம்பர் பிளேட்டோட ரோட்டுக்கு வந்தா ரோட்டு வண்டிதான். அபராதத்தை கட்டி வண்டியை எடுங்க.

இப்ப பெரியவர் விஷயம். ஸ்டேஷன்ல "ரேஸுக்கு வச்சிருக்கற வண்டி, பிராக்டிஸ் முடிச்சுட்டு வர்றேன்"னு கைப்பட எழுதிக் குடுத்ததா சொல்றீங்க, சாமி, யாரு சொன்னா அப்படி எழுதச் சொல்லி? விபத்து கேஸ்ல இன்சூரன்ஸ் கம்பெனி சொல்லக்கூடிய சாக்கு சட்டத்துல ரொம்ப கொஞ்சம், அதுல ஒண்ணு வண்டியை ரேஸுக்கும் ஸ்பீடு டெஸ்டுக்கும் யூஸ் பண்ணாங்கங்கறது. வீட்டுக்கு வர்றது ரேஸ் இல்லன்னு நான் வாதாடலாம்தான், ஆனா உங்க கையெழுத்து போட்ட பேப்பரையே அவங்க வக்கீல் நீட்டுவாரு. டிரிப்யூனல் (விபத்து நஷ்டஈட்டை முடிவு பண்ற கோர்ட்) இன்சூரன்ஸ் கம்பெனியை முதல்ல கட்டச் சொல்லிட்டு, அப்புறம் உங்ககிட்ட வசூல் பண்ணிக்கோன்னு விட்டா, வர்றது உங்க வீட்டுக்குத்தான். என்கிட்ட வந்த ஒரு பையன் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பாக்கறதுக்குள்ள ராவோட ராவா ஸ்டாக் சைலன்சரை மாட்டிட்டான், புகை சர்டிபிகேட்டும் கையில ரெடி. அன்னைக்குக் காலையில அவனே போட்ட ரீல்ஸ்ல புது எக்ஸாஸ்ட் பளபளன்னு மின்னுது, எதிர்த்தரப்பு அதை பிரிண்ட் எடுத்துட்டு வந்துட்டாங்க. அதுக்கப்புறம் அவன் சொன்ன உண்மையைக்கூட யாரும் நம்பல.

8,000க்கு பேப்பர் இல்லல்ல? வெள்ளைத்தாள்ல கையெழுத்து வாங்கறேன்னு இப்ப கிளம்பிடாதீங்க, அதை வச்சு ஒண்ணும் ஆகாது. விபத்தை இன்சூரன்ஸுக்கு இன்னைக்கே எழுத்துல சொல்லுங்க, மறைச்சா உங்களுக்குத்தான் சிக்கல். பெரியவர் வீட்டுல பேசி, இன்சூரன்ஸ் கம்பெனியையும் சேத்து லோக் அதாலத்துல (சமரசமா முடிச்சு வைக்கற மக்கள் நீதிமன்றம்) முடிச்சுக்கோங்க, கொஞ்சம் கூட கேட்டாலும் குடுத்துடுங்க. போலீஸ் மேல கேஸ் போட்டா அந்த ஸ்டேட்மென்ட்டை நீங்களே கோர்ட்டுக்கு கொண்டுபோய் வைக்கற மாதிரி.

டிராக் வண்டியை இனிமே குட்டி யானையில ஏத்திட்டுப் போங்க. ரீல்ஸ், போஸ்ட் எதையும் இப்ப அழிக்காதீங்க, புதுசாவும் போடாதீங்க.