மூலிகைச் சோப்புக்கு மக்கள் ஏன் கூடுதல் விலை கொடுக்கிறார்கள்?

'மூலிகை' என்று அட்டையில் அச்சிட்டிருப்பதற்காகவே மக்கள் அதிகம் கொடுக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவுக்கு ஆம். ஆனால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு வந்தது விளம்பரத்தால் மட்டுமன்று. குழந்தையைப் பயத்தமாவு தேய்த்துக் குளிப்பாட்டியும், அம்மை இறங்கியவருக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசியும் பழகிய வீடுகளில் இந்தப் பொருள்கள்மீது நம்பிக்கை ஏற்கெனவே வேரூன்றியிருக்கிறது.

பொருளே அரிதாக இருக்கும்போது கூடுதல் விலைக்கு நியாயமும் உண்டு. 1916இல் பெங்களூரில் மைசூர் அரசு தொடங்கிய ஆலையின் சந்தனச் சோப்பு, அசல் சந்தன எண்ணெய் சேர்ப்பதாலேயே பெயர்பெற்றது. 2012இல் அதன் உயர்வகை 150 கிராம் கட்டி ஒன்று 720 ரூபாய்க்கு வந்தது.

எல்லாப் பொருள்களும் அப்படியல்ல என்பதுதான் என் கவலை. இந்திய விதிப்படி 1 விழுக்காட்டுக்கு மேலுள்ள சேர்மானங்களை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும். அதற்குக் குறைந்தவற்றை அதன்பின் எந்த வரிசையிலும் எழுதலாம். ஆகவே முகம் கழுவும் திரவமொன்றின் புட்டியின் பின்பக்கத்தில், பொதுவாக மிகக் குறைவாகவே சேர்க்கப்படும் வாசனைப் பொருளுக்கும் பிறகு கற்றாழைச் சாறு வருமானால், அது பெரும்பாலும் பெயரளவுக்கே சேர்க்கப்பட்டிருக்கும்.

மூலிகைப் பொருளுக்குக் கூடுதல் விலை தருவோம் என்று மக்கள் சொல்லும் கருத்துக்கணிப்புகளையும் கவனத்தோடு படியுங்கள்: கையிலிருந்து பணம் போகாத கேள்விக்கு மக்கள் தாராளமாகப் பதில் சொல்வார்கள், கடையில் இரண்டு பொருள்களை அருகருகே வைத்து விலை பார்க்கும்போது அந்தத் தாராளம் குறைந்துவிடுகிறது.