மாமா தவணை கட்ட வரமாட்டார்

போன வாரம் கோவை கணபதியிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் படிப்பு ஆலோசனை கேட்டு வந்தது. பையன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். அம்மா கையில் மேனேஜ்மென்ட் கோட்டா கட்டணத் தாள், கம்ப்யூட்டர் சயின்ஸ். "நகைய வெச்சாவது சேத்தீருன்னு எங்க அண்ணன் சொல்றாருங்க சார்." பையன் பேசவே இல்லை. கடகடத்துக்கொண்டிருந்த என் மேசை விசிறியையே பார்த்தவன், கிளம்பும்போது "புஷ் தேஞ்சிருக்குங்க சார்" என்றான். விசிறித் தண்டைத் தாங்கும் வளையத்தைச் சொன்னான்.

அம்மா, அந்த நகையைத் தொடாதீர்கள். ஒரு நாளும் கோடிங் பக்கம் போகாத பையனுக்கு, மாமா மகன் பெங்களூரில் இருக்கிறான் என்பதற்காகக் கடனா?

மற்ற படிப்புகளை நீங்களே விசாரித்துவிட்டீர்கள். யாரும் சொல்லாதது டூல் அண்ட் டை. மிக்ஸி ஜார் மூடியோ பம்புசெட் தகடோ, எதுவானாலும் முதலில் ஓர் எஃகு அச்சு வேண்டும். அதைச் செய்யும் வேலை இது. சென்னை கிண்டியில் சி.ஐ.டி.டி. என்ற மத்திய அரசுப் பயிற்சி நிறுவனத்தின் கிளை இருக்கிறது. டூல், டை, மோல்ட் மேக்கிங் டிப்ளமோ, 4 ஆண்டுகள். பத்தாம் வகுப்பே தகுதி, நுழைவுத் தேர்வு உண்டு. கட்டணத்தையும் வயது வரம்பையும் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் கையில் அரம்தான். இரும்புக் கட்டியை ராவி, மூலைமட்டம் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடுக்கில் வெளிச்சம் கசியக் கூடாது. கசிந்தால் மறுபடி ராவ வேண்டும். பிறகு லேத், மில்லிங், கிரைண்டிங், வயர்கட் என்று இயந்திரங்கள். 20 மி.மீ. துளைக்கு வரைபடத்தில் எச்7 என்ற அளவுக் குறி இருந்தால் 21 மைக்ரானுக்கு மேல் கூடக் கூடாது. மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியே அந்த 21 மைக்ரானைவிடத் தடிமன். பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் ஆறும்போது 1 முதல் 2.5 சதவீதம் வரை சுருங்கும். 100 மி.மீ. மூடிக்கு அச்சை எவ்வளவு பெரிதாக வெட்டுவது? புத்தகம் எல்லையை மட்டும் சொல்லும். மீதியை, கெட்டுப்போன நாலு அச்சு சொல்லும்.

புது அச்சை ஓட்டிப் பார்க்கும் ட்ரை-அவுட்டில் தகட்டு விளிம்பின் ஒரு பக்கம் மட்டும் பிசிறு தடித்திருந்தால், அந்தப் பக்கம் மேலிருந்து குத்தும் பன்ச்சுக்கும் கீழே தாங்கும் டைக்கும் இடைவெளி கூடிவிட்டது என்று தேர்ந்த ஆள் விரலால் தடவியே சொல்லிவிடுவார். அந்த விரல் அமைய எட்டுப் பத்து வருடம் பிடிக்கும். அமைந்த ஆளைப் பட்டறை முதலாளி லேசில் விடமாட்டார்.

மறைக்கவும் விரும்பவில்லை. முதல் சம்பளம் சின்னதாகத்தான் இருக்கும். நாள் முழுக்க நிற்க வேண்டும், சட்டையில் எண்ணெய் வாடை போகாது. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் பி.இ. போட்டே ஆகவேண்டுமா? டிப்ளமோ முடித்தவர்கள் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழி இருக்கிறது. அதையும் அவன் கேட்டால் பார்க்கலாம்.

இந்தக் கோடை விடுமுறையில் உங்கள் தெருவிலுள்ள லேத் பட்டறையில் இரண்டு வாரம் விடுங்கள். கணபதியில் பட்டறைக்கா பஞ்சம்? மூன்றாம் நாளே வரமாட்டேன் என்றால் நான் சொன்னதை மறந்துவிடலாம். சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொல்லியும் வரவில்லையென்றால், அவனைத் தனியாக என்னிடம் அனுப்புங்கள். மாமா வேண்டாம்.