போன்ல 46 போட்டும் வாய்ஸ் உடையுதுன்னா எங்க பாக்கோணும்?

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில சிஸ்டம் பாத்துக்கற தம்பி கேட்டிருக்காருங்க: 100 எம்பி டவுன்லோடு, 20 எம்பி அப்லோடு ஃபைபர் லைன், மைக்ரோடிக் ரவுட்டர், 8 ஐபி போன், எல்லாத்துலயும் டி.எஸ்.சி.பி (பேக்கெட்டுக்கு எவ்வளவு அவசரம்னு அது மேலயே குறிக்கற நம்பர்) 46 போட்டாச்சு, ஆனாலும் பொழுதோட டிசைன் ஃபைல் அப்லோடு ஆரம்பிச்சா பையர் நம்ம பேசறது துண்டு துண்டா கேக்குதுங்கறாரு, என்ன பண்றதுன்னு.

தம்பி, பாதி வேலை சரியாத்தான் பண்ணியிருக்கீங்க. ஆனா 46ங்கறது வெறும் முத்திரைதானுங்க, பண்டல் மேல அர்ஜென்ட்னு எழுதி லாரி ஆபீஸ்ல போட்ட மாதிரி, அங்க இருக்கறவரு அதப் படிச்சு முன்னாடி ஏத்துனாத்தான் பிரயோஜனம். மைக்ரோடிக் தானா அதப் படிச்சு யாரையும் முன்னாடி விடாது, நாம ரூல் போட்டுச் சொல்லோணும். லைன்காரங்களும் சாதா இன்டர்நெட் கனெக்‌ஷன்ல பெரும்பாலும் அதக் கண்டுக்க மாட்டாங்க, சில பேரு 0ன்னே மாத்தி விட்ருவாங்க.

இதவிட முக்கியமானது, உங்க ரவுட்டர்லருந்து ஓ.என்.டி பெட்டிக்குப் (ஃபைபர் வந்து சேர்ற பெட்டி) போற கேபிள் 1 ஜிபி, அதுக்கப்பறம் வெளிய போறது 20 எம்பிதான், அப்ப நெரிசல் பூராம் அக்கட்டதான் நடக்குது, உங்க ரவுட்டர்ல க்யூவே நிக்கறதில்ல, க்யூ நிக்காத எடத்துல யாரை முன்னாடி விடறதுங்க? அந்த நெரிசல உங்க ரவுட்டருக்குள்ள இழுத்துட்டு வரோணும். பொழுதோட ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாருங்க, நிஜமா 20 வருதுன்னா லிமிட் 18 வைங்க. 2 எம்பி போகுதேன்னு ஓனர் கேப்பாரு, அதான் வாய்ஸுக்கான வெலைன்னு சொல்லிருங்க.

மைக்ரோடிக்ல பேக்கெட்டுக்கு அடையாளம் போடற எடம் மேங்கிள், அதுல ஃபார்வர்ட் செயின் (ரவுட்டர் வழியா கடந்து போறது), டி.எஸ்.சி.பி 46, மார்க் பேக்கெட். அப்பறம் அந்த அடையாளத்தப் பாத்து வரிசை பிரிக்கற க்யூ ட்ரீல நெட் லைன் இன்டர்ஃபேஸ் மேல (யூசர் நேம், பாஸ்வேர்டு போட்டு கனெக்ட் ஆகற பிபிபிஓஇ இருந்தா அது மேல) மேக்ஸ் லிமிட் 18 எம்பி, அதுக்குக் கீழ வாய்ஸுக்கு ப்ரயாரிட்டி 1, மார்க் இல்லாத மத்ததுக்கு 8. ஜி.711ங்கற வாய்ஸ் ஃபார்மேட்ல ஒரு கால் ஒரு பக்கத்துக்கு சுமார் 87 கேபிபிஎஸ்தான், 8 பேரும் ஒண்ணா பேசுனாக்கூட 1 எம்பி தாண்டாது, அதனால வாய்ஸுக்கு லிமிட் அட் (அதுக்குன்னு ஒதுக்கி வைக்கற அளவு) 1 எம்பி போதும். ஃபயர்வால்ல ஃபாஸ்ட்ட்ராக் ரூல் (பேக்கெட்ட குறுக்கு வழில வேகமா விடறது) இருந்தா டிசேபிள் பண்ணிருங்க, அது இருக்கறவரைக்கும் பேக்கெட் மேங்கிள் பக்கமே வராது.

இத்தனையும் பண்ணி கால் ஓடறப்ப மேங்கிள் கவுன்ட்டர் ஏறலைன்னா போன் செட்டிங்க பாருங்க. சில போன்ல கேக்கறது டி.எஸ்.சி.பி இல்ல, பழைய டாஸ் பைட்டு, அந்த 8 பிட்டுல மொதல் 6 பிட்டுதான் டி.எஸ்.சி.பி. அதுல 46 போட்டா கடைசி ரெண்டு பிட் கழிஞ்சு டி.எஸ்.சி.பி 11னு போகும், அங்க 184 போட்டாத்தான் 46 ஆகும்.

இன்னொன்னு, எந்த கம்ப்யூட்டர்லருந்தும் 46 போட்டு அனுப்பலாமுங்க, அதனால போன் ஐபிலருந்து வர்ற 46ஐ மட்டும் நம்புங்க, மத்ததுல வந்தா 0 ஆக்கிருங்க.

டவுன்லோடுக்கும் லேன் பக்கம் இதே மாதிரி 90 எம்பி லிமிட் வைங்க, ஆனா வெளியருந்து வர்ற பேக்கெட்ல முத்திரை இருக்கும்னு நம்பாதீங்க, போன் ஐபிக்குப் போறதுன்னு பாத்து மார்க் பண்ணுங்க. அப்பறம் ஃபைல் அப்லோடு ஓடிட்டு இருக்கறப்பவே பையருக்கு ஒரு கால் போட்டு க்யூ ட்ரீயத் தொறந்து பாருங்க, மத்த க்யூவுல ட்ராப் ஏறோணும், வாய்ஸ்ல 0லயே நிக்கோணும்.