காலைல சுகர் மட்டும் ஏன் இறங்க மாட்டேங்குது?

வாசகர் கேள்வி: வயசு 52. டைப் 2 சுகர் வந்து நாலு வருஷம் ஆச்சு. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு போடுறேன். தினமும் காலைல வெறும் வயித்துல மீட்டர்ல பாக்குறேன், 145ல இருந்து 160க்குள்ளயே நிக்குது. ராத்திரி சாப்பாட்டைக் குறைச்சுப் பாத்தேன், இப்ப கொஞ்ச நாளா சாப்பிடாமலே மாத்திரையை மட்டும் போட்டுட்டுப் படுக்கிறேன், அப்பவும் 158. ஹெச்பிஏ1சி (ரெண்டு மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற ரத்தப் பரிசோதனை, சுருக்கமா ஏ1சி) 7.6 வந்திருக்கு. ரெண்டு விரல்ல அடுத்தடுத்து குத்திப் பாத்தா 12 பாயிண்ட் வித்தியாசம் வேற காட்டுது. மீட்டர் கோளாறா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை பாக்கணும்?

பதில்: மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம், முதல்ல ராத்திரி சாப்பிடாம அந்த மாத்திரையை மட்டும் போடுறதை இன்னைக்கே விடுங்க. மாத்திரையை நிறுத்தச் சொல்லல, சாப்பாட்டை விடாதீங்கன்னு சொல்றேன். மெட்ஃபார்மின் மட்டும்னா இவ்வளவு பயம் இல்ல, ஆனா கூட இருக்கிற கிளிமிபிரைடு கணையத்தைக் கிளப்பிவிட்டு இன்சுலின் சுரக்க வைக்கிற மருந்து, நீங்க சாப்பிட்டீங்களா பட்டினியான்னு அது பாக்காது, அது பாட்டுக்கு வேலை செஞ்சுட்டே இருக்கும். சுகர் 70க்குக் கீழ போனாலே லோ சுகர்னு சொல்றோம், 54க்குக் கீழன்னா நிஜமாவே ஆபத்து. முழிச்சிருக்கும்போது வந்தா கை நடுங்கும், படபடக்கும், பசி எடுக்கும், நமக்கே தெரிஞ்சிடும். தூக்கத்துல வந்தா சட்டை நனையற அளவுக்கு வேர்வை, கெட்ட கனவு, காலைல எழுந்ததும் தலைவலி, இப்படித்தான் காட்டும், பல பேருக்கு அதுவும் தெரியாது. சாப்பாட்டை விட்ட விஷயத்தை டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, ராத்திரி டோஸை மாத்தணுமான்னு அவர் முடிவு பண்ணட்டும்.

சரி, சாப்பிடாமலே 158 எங்கிருந்து வருது? உங்க லிவர்ல இருந்து. ராத்திரி நாம தூங்கும்போதும் மூளைக்கு குளுக்கோஸ் போய்க்கிட்டே இருக்கணும், அதுக்காக லிவர் தன்கிட்ட சேர்த்து வச்சதைக் கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துல விடும், புதுசாவும் தயார் பண்ணும். விடியக்காலம் மூணு மணிக்கு மேல கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் இதெல்லாம் ஏற ஆரம்பிக்கும், உடம்பை எழுப்புறதுக்கான ஏற்பாடு அது, அப்போ லிவர் இன்னும் கொஞ்சம் கூட விடும். சுகர் இல்லாதவங்களுக்கு கணையம் கூடுதலா இன்சுலின் விட்டு அதைச் சமாளிச்சிடும், சுகர் இருக்கிறவங்களுக்கு லிவர் இன்சுலின் பேச்சைச் சரியா கேக்காது, அதனால படுக்கும்போது இருந்ததைவிட காலைல 20, 30 பாயிண்ட் கூட இருக்கிறது ரொம்ப சகஜம். அதனால காலை நம்பரை வச்சு நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டோம்னு தன்னைத் தானே திட்டிக்கிறதுல அர்த்தமே இல்ல. ராத்திரி சாப்பாட்டை இன்னும் இன்னும் குறைச்சா இது சரியாகும்னு நினைக்கிறதும் தப்பு, அதைத்தான் நீங்களே பண்ணிப் பாத்துட்டீங்களே.

இப்ப ஒரு சின்ன கணக்கு போடுவோம், உங்க கேள்விக்கு முக்கியமான பதில் இதுலதான் இருக்கு. ஹெச்பிஏ1சியை 28.7ஆல பெருக்கி 46.7ஐ கழிச்சா, கடந்த ரெண்டு மூணு மாசத்துல உங்க சராசரி சுகர் எவ்வளவுன்னு தோராயமா கிடைக்கும். 7.6க்கு போட்டா 171 வருது. காலைல நீங்க பாக்குறது 150 பக்கம். சராசரியே 171ன்னா, நாள்ல வேற ஏதோ நேரத்துல 171க்கு நல்லா மேல போய்க்கிட்டு இருக்குன்னுதானே அர்த்தம்? அந்த நேரத்தை நீங்க ஒரு தடவைகூட பாக்கல. பரீட்சை பேப்பர்ல முதல் பக்கத்தை மட்டும் திருத்தி மார்க் போட்ட மாதிரி ஆகிப்போச்சு. உங்க பிரச்சினை ராத்திரில இல்லாம பகல் சாப்பாட்டுக்கு அப்புறம் இருக்கலாம்னு எனக்குத் தோணுது, ஆனா என் யூகம் எதுக்கு, மீட்டரையே கேப்போம்.

எப்படிக் கேக்குறதுன்னா, ஜோடி ஜோடியா பாருங்க. ஒரு வேளை சாப்பாட்டை எடுத்துக்கோங்க, சாப்பிடுறதுக்கு முன்னாடி ஒண்ணு, முதல் வாய் வச்ச நேரத்துல இருந்து கரெக்டா ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒண்ணு (சாப்பிட்டு முடிச்ச நேரத்துல இருந்து இல்ல, இதைப் பல பேர் மாத்திப் பண்றாங்க). மூணு நாள் காலைச் சாப்பாட்டுக்கு, அடுத்த மூணு நாள் மத்தியானத்துக்கு, அப்புறம் ராத்திரிக்கு. ஒரு நாளைக்கு ரெண்டே ஸ்ட்ரிப்தான் செலவு. பக்கத்துல என்ன சாப்பிட்டீங்க, சுமாரா எவ்வளவு, அப்புறம் நடந்தீங்களா உக்காந்துட்டீங்களான்னு ஒரு வரி எழுதி வைங்க. உதாரணத்துக்கு சாப்பாட்டுக்கு முன்னாடி 128, அப்புறம் 226ன்னு வந்தா, 98 பாயிண்ட் ஏத்தின சாப்பாடு அது. அதே சாப்பாட்டை மாவுச்சத்து பாதியா குறைச்சு, காய்கறி கூட்டி இன்னொரு நாள் சாப்பிட்டுப் பாருங்க, 170னு வந்தா உங்க உடம்புக்கு எது ஒத்து வருதுன்னு கண்ணுக்கு முன்னாடி தெரிஞ்சிடும். வேற யாரோ போட்ட டயட் சார்ட்டைவிட இதுதான் என்னைக் கேட்டா உருப்படியானது. பொதுவா பெரும்பாலானவங்களுக்கு டார்கெட் சாப்பாட்டுக்கு முன்னாடி 80ல இருந்து 130, அப்புறம் 180க்குள்ள, ஏ1சி 7க்குள்ள. வயசானவங்க, அடிக்கடி லோ ஆகுறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்களுக்கெல்லாம் கணக்கு வேற.

காலை நம்பருக்கும் இதே மாதிரி ஒரு ஜோடி இருக்கு. ரெண்டு மூணு நாள் படுக்கப் போறப்ப ஒரு தடவை, காலைல ஒரு தடவை பாருங்க, அதுல ஒரு நாள் அலாரம் வச்சு விடிகாலை மூணு மணிக்கும் பாருங்க. படுக்கும்போதே 190ன்னா அது ராத்திரி சாப்பாட்டோட வேலை. படுக்கும்போது 130, மூணு மணிக்கு 125, காலைல 155ன்னா நான் மேல சொன்ன லிவர் சமாச்சாரம், அதுக்கு மருந்தைத்தான் டாக்டர் யோசிக்கணும், நீங்க பட்டினி கிடந்து ஒண்ணும் ஆகாது. மூணு மணிக்கு 70க்குக் கீழன்னா உடனே 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு 15 நிமிஷத்துல திரும்பப் பாத்து, இன்னும் ஏறலன்னா மறுபடியும் 15 கிராம், விடிஞ்சதும் டாக்டருக்கு போன். அந்த மாதிரி நாள்ல காலை ஃபாஸ்டிங் அதிகமா இருக்கேன்னு யாராவது மாத்திரையைக் கூட்டினா கதை கெட்டுடும், அதனாலதான் இந்த மூணு மணி ரீடிங்கை இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

மீட்டர் விஷயம். 12 பாயிண்ட் வித்தியாசம் கோளாறே இல்ல. 2013ல வந்த ஐஎஸ்ஓங்கிற சர்வதேசத் தரப்படி 100க்கு மேல இருக்கிற சுகரை 100 ரீடிங்ல 95 தடவை 15 சதவீதம் முன்ன பின்ன காட்டினா மீட்டர் பாஸ். அதாவது நிஜ சுகர் 150ன்னா 128ல இருந்து 172 வரை எது காட்டினாலும் தரத்துக்குள்ளதான். அப்போ 145க்கு சந்தோஷப்பட்டு 160க்கு கவலைப்படுறது வீண், உங்களுக்கு அது ரெண்டும் ஒரே நம்பர். நிஜமான தப்பு கைல இருந்து வரும், பழம் உரிச்ச கையோட குத்தினா விரல்ல ஒட்டியிருக்கிற சர்க்கரையும் சேர்ந்து ஏகத்துக்கும் ஏத்திக் காட்டும், சோப்பு போட்டுக் கழுவி ஈரமில்லாம துடைச்சுட்டுக் குத்துங்க. விரல் நுனி நடுவுல குத்தாதீங்க, பக்கவாட்டுல குத்தினா வலி கம்மி. ரத்தம் வரலன்னு விரலைப் போட்டுப் பிழியாதீங்க. ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து போட்டா காத்துல இருக்கிற ஈரத்துல ஸ்ட்ரிப் கெட்டுப்போகும், எக்ஸ்பயரி தேதியும் பாத்துக்கோங்க.

எத்தனை தடவைன்னு கேட்டீங்க. இன்சுலின் போடுறவங்களுக்கு ஒரு நாளைக்குப் பல தடவை தேவைப்படும், அது தனிக் கதை. உங்களை மாதிரி மாத்திரைல இருக்கிறவங்க நம்பரைப் பாத்து எதையாவது மாத்துறதா இருந்தா பாருங்க, சும்மா பாத்து நோட்ல எழுதி மூடி வைக்கிறதுக்கு விரலைக் குத்திக்க வேண்டாம். மேல சொன்ன ஜோடி டெஸ்ட் ஒரு ரவுண்டு முடிஞ்சதும் வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு ஜோடி போதும். காய்ச்சல், வாந்தி, ஸ்டீராய்டு மருந்து, மாத்திரை டோஸ் மாத்தின சமயம், இப்போல்லாம் தினமும் பாருங்க. லோ ஆகுற மாதிரி தோணினா யோசிக்கவே வேண்டாம், உடனே பாருங்க.

வாழ்க்கை முறைல எதை முதல்ல மாத்துறதுன்னா, நான் சொல்றது சாப்பிட்ட உடனே 10, 15 நிமிஷ நடை. தசை வேலை செய்யும்போது இன்சுலினை எதிர்பாக்காமலே ரத்தத்துல இருந்து குளுக்கோஸை இழுத்துக்கும், அதனால சாப்பாட்டுக்கு அப்புறம் ஏறுற ஏத்தம் அப்பவே மட்டுப்படும். இதையும் ஜோடி டெஸ்ட்ல போட்டுப் பாத்துடலாம், ஒரே சாப்பாடு, ஒரு நாள் நடந்து, ஒரு நாள் உக்காந்து. வாரத்துக்கு மொத்தமா 150 நிமிஷம் வரணும், நடுவுல தொடர்ந்து ரெண்டு நாளுக்கு மேல இடைவெளி விடக்கூடாது, கூட வாரத்துல ரெண்டு மூணு தடவை தசைக்கான பயிற்சி. (மூச்சு வாங்க கடுமையா செஞ்சா உடனே சுகர் ஏறின மாதிரி காட்டலாம், பயந்துடாதீங்க, கொஞ்ச நேரத்துல இறங்கிடும்.) அடுத்தது சாப்பிடுற வரிசை, காய்கறியும் புரதமும் முதல்ல, மாவுச்சத்து கடைசில. தூக்கம் கெட்டாலும் மறுநாள் சுகர் ஏறும், அதையும் நோட்ல எழுதுங்க.

எடை அதிகமா இருந்தா, காலை 150ஐ நிஜமா அசைக்கக்கூடியது அதைக் குறைக்கிறதுதான், லிவர்ல படிஞ்ச கொழுப்பு குறையக் குறைய லிவர் இன்சுலின் பேச்சைக் கேக்க ஆரம்பிக்கும். 2017ல வெளியான பிரிட்டனோட டைரக்ட் ஆய்வுல, சுகர் வந்து 6 வருஷத்துக்குள்ள இருந்து இன்சுலின் போடாதவங்களை டாக்டர் மேற்பார்வைல கலோரி ரொம்பக் குறைச்சு எடை இறக்கினாங்க, ஒரு வருஷத்துல 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே ஏ1சி 6.5க்குக் கீழ வந்துச்சு, 15 கிலோவோ அதுக்கு மேலயோ குறைச்சவங்கள்ல 86 சதவீதம். உங்களுக்கு நாலு வருஷம்தான், அதனால டாக்டர்கிட்ட இதைக் கேக்கலாம், ஆனா அங்க சுகர் மாத்திரையை முதல்லயே நிறுத்திட்டுத்தான் ஆரம்பிச்சாங்க, நீங்களா கிளிமிபிரைடும் போட்டுக்கிட்டு பட்டினியும் கிடக்காதீங்க.

ஏ1சியை மூணு மாசம் கழிச்சுப் பாருங்க, ரத்த சிவப்பணு சுமார் 120 நாள்தான் இருக்கும், அதுக்கு முன்னாடி பாத்தா பழைய கணக்கும் கலந்து வரும். அப்படியே ஹீமோகுளோபினும் பாத்துடச் சொல்லுங்க, இரும்புச்சத்து குறைஞ்ச ரத்தசோகை இருந்தா ஏ1சி இருக்கிறதைவிடக் கூடக் காட்டும், அப்போ நான் மேல போட்ட 171 கணக்கையே திருத்தணும்.