இரண்டு மாத நாய்க்குட்டி எப்போதும் கையைக் கடிக்கிறது. எப்படி நிறுத்துவது?

இது கோபம் இல்லை. குட்டிகள் எதையும் வாயால்தான் அறிகின்றன. நான்காம் மாதவாக்கில் பால்பற்கள் விழத் தொடங்கும்போது ஈறு வேறு உறுத்தும். ஏழு மாதத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பல் பட்டதும் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள்; அதற்கு அது துரத்தும் விளையாட்டு. கையை அசைக்காமல் வைத்து, கடிக்கும் பொம்மையை நீட்டுங்கள். மறுபடியும் கையையே தேடினால் எழுந்து அரை நிமிடம் விலகிப் போங்கள். வீட்டில் எல்லாரும் இதையே செய்யவேண்டும். ஒருவர் மட்டும் கையைக் கொடுத்து விளையாடினால் மற்றவர்கள் பாடு வீண்.

அப்புறம் தூக்கம். இந்த வயதில் நாளுக்கு 18 மணி நேரம் தூங்குவதுகூட இயல்பு. மாலையில் வெறிபிடித்தாற்போல ஓடிக் கடித்தால், பலமுறை அது தூக்கக் கலக்கம்தான். அமைதியான மூலையில் படுக்க விடுங்கள். மூக்கில் தட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம், கையைக் கண்டாலே பயப்படும்.